அமோனியா கசிந்தால் யார் தலைவர், யார் ‘நிறுத்து’ என்று சொல்வது? ஐஸ் ஆலைப் பயிற்சி பற்றி ஒரு கேள்வி

கரையோரம் | திங்கள் இரவு 8.40

வணக்கம். வடமராட்சிக் கரையில் ஒரு ஐஸ் ஆலையில் மெக்கானிக்காக இருக்கிறேன், ஆலையின் பெயர் வேண்டாம். அமோனியா கொம்பிறசர் பழைய காலத்தது, வால்வுகளில் சில மாற்றியவை, சில மாற்றாதவை. போன கிழமை நிர்வாகத்திடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. அவசர நிலைக்கு ஒரு தலைவரும் ஒரு சேஃப்டி ஒபிசரும் நியமிக்க வேண்டுமாம், இரண்டு பேருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். முகாமையாளர் இரண்டு இடத்திலும் தன் பெயரையே எழுதிப் போட்டார். பயிற்சி என்றால் எங்களுக்குத் தெரிந்தது அரை நாள் வேலைதான்: வாளிக்குள் டீசலைக் கொளுத்தி, நெருப்பணைக்கும் சிலிண்டரால் அணைத்து, படம் எடுத்து, தேநீர் குடித்துவிட்டு வருவது. அமோனியா கசிவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இந்த இரண்டு பொறுப்புக்கும் உண்மையில் என்ன பயிற்சி தேவை? இரண்டையும் ஒரே ஆள் பார்க்கலாமா? கொழும்புக்கு அனுப்பக் காசு தரமாட்டார்கள், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ரொறன்ரோ_பனி | திங்கள் இரவு 10.15

தம்பி, நான் ஒன்ராறியோவில் ஒரு சின்ன ஊரில் தன்னார்வத் தீயணைப்பாளன், வேலை வேறு. உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: ஒரே ஆள் பார்க்கக் கூடாது. கொமாண்டர் வேலையை முடிக்க நினைப்பார், அதுதான் அவருடைய பொறுப்பு. அந்த அவசரத்தில் அவர் கண்ணில் படாததைப் பார்க்கத்தான் மற்றவர் நிற்கிறார். இரண்டு பெயரும் ஒன்றானால் பார்க்க ஆளில்லை.

அமெரிக்காவில் ஓஷா என்ற அரச தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் 1910.120 என்ற விதி இருக்கிறது, ஆபத்தான பொருள் கசிந்தால் யார் என்ன செய்யலாம் என்று அது பிரித்துச் சொல்கிறது. முதல் படி, கண்டுபிடித்து அறிவிக்கத் தெரிந்தவர், அவர் கிட்டப் போவதே இல்லை. அடுத்தவர் தூரத்தில் நின்று தடுப்பவர், குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி. அதற்கு மேல் உள்ளே போய் அடைக்கிற டெக்னீஷியன், 24 மணி நேரம். பிறகு அந்தப் பொருளைப் பற்றி ஆழமாகத் தெரிந்த நிபுணர். கடைசியில் சம்பவத் தலைவர், அவருக்கும் குறைந்தது 24 மணி நேரம், அதோடு கட்டளை அமைப்பை நடத்தத் தெரியவேண்டும், ‘சூட்’ என்ற ரசாயனப் பாதுகாப்பு உடுப்புக்குள் வேலை செய்வதில் என்ன ஆபத்து, வெளியே வந்தவர்களைக் கழுவுவது ஏன் முக்கியம், உள்ளூர்த் திட்டம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும்.

அதே விதியில் தலைவர் கட்டாயம் ஒரு சேஃப்டி ஒபிசரை நியமிக்க வேண்டும் என்று இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று பட்டால் அவர் வேலையை மாற்றலாம், இடைநிறுத்தலாம், முற்றாக முடிக்கலாம். பிறகுதான் தலைவருக்குச் சொல்வார். இதைத்தான் உங்கள் முகாமையாளருக்குக் காட்ட வேண்டும். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏயின் 470 என்ற தரநிலையிலும் (2022 இல் பழைய 472ஐயும் வேறு சிலவற்றையும் சேர்த்துத் தொகுத்தது) இந்த இரண்டு பொறுப்புக்கும் தனித்தனியாகத் தகுதிகள் எழுதியிருக்கிறார்கள்.

சந்தேகப்பிராணி | செவ்வாய் காலை 6.55

காலையிலேயே வெளிநாட்டு விதிப் புத்தகம் படித்தாயிற்று, நன்றி. இப்போது ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஐஸ் ஆலைகளில் எத்தனையில் முழு மூச்சுக் கருவி இருக்கிறது? ரசாயன சூட்டை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கருவி இல்லாத இடத்தில் தலைவரும் ஒபிசரும் எதற்கு? முதலில் சாமான் வாங்கட்டும், பிறகு பதவி கொடுக்கட்டும். இல்லாவிட்டால் கடிதத் தலைப்பில் இன்னும் இரண்டு பதவி கூடும், அவ்வளவுதான்.

கட்டார்_பெடியன் | செவ்வாய் காலை 11.20

அண்ணை, நீங்கள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆபத்து.

நான் இங்கே எரிவாயு ஆலை ஒன்றில் சேஃப்டிப் பக்கம் இருக்கிறேன். சாமான் இல்லாத இடத்தில்தான் தலைவர் இன்னும் அதிகம் தேவை, ஏனென்றால் அங்கே அவர் சொல்ல வேண்டிய கட்டளை ஒன்றே ஒன்று: ‘யாரும் உள்ளே போகக் கூடாது.’ அதைச் சொல்லி, சொன்னதில் நிற்கப் பயிற்சி வேண்டும். உள்ளே ஒரு ஆள் விழுந்து கிடக்கிறான், அவன் தம்பியோ மச்சானோ வாசலில் நின்று கத்துகிறான், அந்த நேரத்தில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கிணறு துப்புரவு செய்ய இறங்கியவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று யோசியுங்கள். மண்ணெண்ணெய் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட விடுவார்கள், கார்பன் மொனொக்சைட் தேங்கும், ஒருவர் மயங்குவார், அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986 இலேயே சொன்னது, அடைபட்ட இடங்களில் நடந்த சாவுகளில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று. அந்தச் சாவுகளை சூட் தடுக்காது, ‘நில்’ என்று ஒருவர் சொன்னால் தடுக்கலாம்.

சாமான் நிறைய இருந்த இடத்திலும் இதே கதைதான். 1973 ஜூலை 5, அரிசோனாவின் கிங்மன் ஊரில் புரொப்பேன் ரயில் தாங்கி ஒன்று எரிந்தது. தண்ணீர் அடித்துத் தாங்கியைக் குளிர்விக்கத் தீயணைப்பாளர்கள் கிட்டப் போனார்கள், சிறிது நேரத்தில் தாங்கி வெடித்து அவர்களில் 11 பேர் செத்துப்போனார்கள். 2020 ஆகஸ்ட் 4 பெய்ரூட் துறைமுகத்துக்கு 10 பேர் கொண்ட அணியை அனுப்பினார்கள், களஞ்சியத்தில் நெருப்பு என்று மட்டும் சொல்லி. உள்ளே 2750 தொன் அமோனியம் நைத்திரேற்று இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவரும் திரும்பவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்வரை ஆட்களைத் தூரத்தில் பிடித்து வைப்பதுதான் தலைவருக்கு முதல் பாடம். எங்கள் ஆலைப் பயிற்சியில் இதற்கே அரை நாள் போகும். எல்லாருக்கும் சலிப்பாக இருக்கும், செய்தே ஆகவேண்டும்.

மாஸ்டர்_கெமிஸ்ட்ரி | செவ்வாய் மாலை 4.30

பிள்ளைகள் நன்றாக எழுதுகிறீர்கள். நான் ஓய்வுபெற்ற ரசாயன ஆசிரியர், பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தலைவராக வருபவருக்கு இது தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

அமோனியா காற்றைவிடப் பாரம் குறைந்த வாயு, காற்று 1 என்றால் இது 0.6 அளவு. எங்கள் பாடப்புத்தகம் அதோடு நின்றுவிடும். ஆலையில் இருப்பது அழுத்தத்தில் திரவமாக்கிய அமோனியா, கொதிநிலை மறை 33 பாகை செல்சியஸ். அது சீறி வெளியே வரும்போது குளிரில் காற்றின் ஈரத்தைப் பனியாக்கி, வெள்ளைப் புகாராக நிலத்தோடு ஊர்ந்து போகும். ‘பாரமில்லாத வாயுதானே, மேலே போய்விடும்’ என்று நம்பி ஒரு தலைவர் ஆட்களைத் தாழ்வான பக்கம் நிறுத்தினால் எல்லாரும் அதற்குள்தான் நிற்பார்கள். திரவம் வாயுவாகும்போது ஏறத்தாழ 850 மடங்கு விரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆகவே காற்றுப் போகிற பக்கத்தில் தண்ணீரைத் தூவலாக அடித்துப் புகாரை அடக்கலாம். ஆனால் நிலத்தில் தேங்கிக் கிடக்கிற திரவ அமோனியா மேல் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்து இன்னும் அதிக வாயு கிளம்பும். ஒரே தண்ணீர், அடிக்கிற இடத்தைப் பொறுத்து நன்மையும் செய்யும், கேட்டையும் கூட்டும். குழாய் பிடிக்கிறவருக்கு எங்கே அடிப்பது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சொல்ல ஒருவர் வேண்டும்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியோஷ் வைத்திருக்கும் அளவு 300 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 300 பங்கு. மணமோ அதற்கு மிகக் கீழேயே தெரிந்துவிடும், அது நல்லது. இன்னொன்று, மூடிய எஞ்சின் அறையில் காற்றில் 15 முதல் 28 சதவீதம் வந்தால் தீப்பொறியில் வெடிக்கும். அறைக்குள் போய் சுவிட்சை நிறுத்த யாரையும் விடாதீர்கள், மின்சாரத்தை வெளியில் இருந்து வெட்ட வழி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கரையோரம் | செவ்வாய் இரவு 9.05

மாஸ்டர், மிக்க நன்றி. இன்று பார்த்தேன், பிரதான சுவிட்ச் எஞ்சின் அறைக்கு உள்ளேதான். திரவ அமோனியாவை அடைக்கிற பிரதான வால்வான கிங் வால்வும் உள்ளேதான், கதவில் இருந்து நாலைந்து பாகம் தள்ளி. கசிவு என்றால் எங்களுக்கு அதிகம் நடப்பது கொம்பிறசர் எண்ணெய் வடிக்கிற நேரத்தில், எண்ணெயோடு அமோனியாவும் வந்துவிடும். வழக்கமாக வடிக்கிறவர் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு செய்வார், அவருக்குப் பழக்கம். அலமாரியில் வடிகட்டி மாட்டுகிற முகமூடி இரண்டு இருக்கிறது, பச்சை நிற வடிகட்டி.

கட்டார்_பெடியன் | செவ்வாய் இரவு 10.40

பச்சை வடிகட்டி கே வகை, அமோனியாவுக்கு உரியதுதான். திகதியைப் பாருங்கள், பெரும்பாலும் முடிந்திருக்கும். முடியாவிட்டாலும் அது தப்பி ஓடவும், சின்ன அளவில் வேலை செய்யவும்தான். அளவு தெரியாத இடத்துக்குள், அல்லது மாஸ்டர் சொன்ன 300ஐத் தாண்டிய இடத்துக்குள், அதைப் போட்டுக்கொண்டு போக முடியாது. அதற்குக் காற்றுச் சிலிண்டர் கட்டிய மூச்சுக் கருவி வேண்டும். ஈரத்துணியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் கோபம் வரும்.

சரி, மூச்சுக் கருவி இருக்கிற இடத்தில் சேஃப்டி ஒபிசர் என்ன செய்வார் என்று ஒரு கணக்கு. ஊரில் யாராவது பயிற்சி நடத்தினால் இதைக் கட்டாயம் செய்ய வையுங்கள். சிலிண்டர் 6 லீற்றர், 300 பார் என்றால் காற்று 1800 லீற்றர். நிமிடத்துக்கு 40 லீற்றர் என்று புத்தகம் போடும், 45 நிமிடம் வரும். ஆனால் சூட்டுக்குள், வெயிலில், பயத்தோடு வால்வைத் திருகுகிறவன் 60 லீற்றருக்கு மேல் இழுப்பான், அப்போது 30 நிமிடம்தான். 50 பாரில் விசில் அடிக்கும், அந்த மீதி 300 லீற்றரைத் தொடக் கூடாது என்று வைத்தால் 25. உள்ளே நடக்க 3, வெளியே வர 3, கழுவி சூட்டைக் கழற்ற 8 என்று வையுங்கள். வேலைக்கு மிஞ்சுவது 11 நிமிடம். தலைவர் ‘அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுவான்’ என்று திட்டம் போட்டால், ‘இல்லை சேர், 11 நிமிடம்தான், அதற்குள் முடியாத வேலையைக் கொடுக்காதீர்கள்’ என்று சொல்கிறவர் சேஃப்டி ஒபிசர். கழுவுகிற நேரத்தைத்தான் எல்லாரும் மறப்பார்கள். கழுவும் வரிசையில் நிற்கும்போது காற்று முடிந்தால் விஷம் பட்ட சூட்டுக்குள் முகமூடியைக் கழற்ற வேண்டி வரும்.

உள்ளே போகிறவர்கள் எப்போதும் இரண்டு பேர். அதே அளவு உடுத்து ஆயத்தமாக வெளியே இன்னும் இரண்டு பேர், அவர்கள் வேறு வேலைக்குப் போகக் கூடாது. போவதற்கு முன் நாடியும் இரத்த அழுத்தமும் பார்ப்பது, வந்த பிறகு பார்ப்பது. ரசாயன சூட்டுக்குள் வியர்வை ஆவியாகாது, சித்திரை வெயிலில் வாயுவுக்கு முதல் வெப்பமே ஆளை விழுத்திவிடும்.

சந்தேகப்பிராணி | புதன் காலை 7.10

பெடியன், கணக்கு நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இல்லை சேர், 11 நிமிடம்தான்’ என்று சொன்னாயே, அந்த வசனத்தை எங்கள் ஊரில் யார் யாருக்குச் சொல்வது? நான் முப்பது வருடமாக அரச அலுவலகங்களோடு மாரடிக்கிறேன். சம்பவம் நடந்த இடத்துக்குப் பெரியவர் வருவார், அவருக்குப் பின்னால் இன்னும் பெரியவர் வருவார், பிறகு ஒரு அரசியல்வாதி கமராவோடு வருவார். ஆளுக்கு ஒரு கட்டளை. சின்னப் பதவிக்காரர் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஓஷா விதியில் நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது, எங்கள் வாயில் இருக்கிறதா?

ரொறன்ரோ_பனி | புதன் காலை 9.00 (உங்கள் நேரம்)

இந்த இழையில் வந்த நல்ல கேள்வி இதுதான் அண்ணை. வாயில் வர வைக்கத்தான் பயிற்சி. எங்கள் நிலையத்தில் செய்வது இது: பயிற்சியின் நடுவில், தலைவருக்குத் தெரியாமல், நடத்துகிறவர் ஒரு தவறை நுழைப்பார். காற்று திசை மாறிவிட்டது என்று ஒரு சீட்டு, அல்லது உள்ளே போன ஒருவன் பதில் சொல்லவில்லை என்று ஒரு சீட்டு. சேஃப்டி ஒபிசர் அதைப் பிடித்து, சத்தமாக நிறுத்த வேண்டும். அவர் புதிதாகச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பெட்டையாக இருப்பார், தலைவர் இருபது வருட கப்டனாக இருப்பார். நிறுத்தினால் கப்டன் எல்லார் முன்னிலையிலும் ‘சரி, நிறுத்தியாயிற்று’ என்று சொல்ல வேண்டும், விவாதம் பிறகு. இதைத் திரும்பத் திரும்பச் செய்வோம். பயிற்சி அவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், கப்டனுக்கும்தான்.

பெரியவர்கள் வருவதற்கு வேறு வழி. கட்டளை கைமாறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பதவி பெரியவர் வந்து நிற்பதாலேயே அவர் தலைவராகிவிட மாட்டார். முகத்துக்கு முகம் நின்று, என்ன நடந்தது, என்ன செய்கிறோம், யார் எங்கே இருக்கிறார்கள், என்ன தேவை என்று பழைய தலைவர் சொல்லி, புதியவர் ‘நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி, எல்லாருக்கும் வானொலியில் அறிவித்த பிறகுதான் மாறும். அதுவரை அவர் விருந்தாளி. ஒரு தலைவரின் கீழ் நேரடியாக மூன்று முதல் ஏழு பேர், ஐந்து என்றால் நல்லது. இந்த முறை 1970 இல் கலிபோர்னியாவில் பெரிய காட்டுத்தீக்களில் பல படைகள் வந்து ஒன்றோடொன்று முட்டிய பிறகு உருவானது, அதாவது அவர்களும் உங்களைப் போல அடிபட்டுத்தான் வந்தார்கள். கமராவோடு வருகிறவருக்கு ஊடகத்துக்கென்று ஒரு ஆளை நியமித்து, வெளி வலயத்தில் நிழலான ஒரு இடத்தில் கதிரை போட்டுக் கொடுங்கள். சிரிக்காதீர்கள், அதுவும் கட்டளை அமைப்பில் உள்ள பதவிதான்.

சந்தேகப்பிராணி | புதன் காலை 9.25

கதிரை யோசனை பிடித்திருக்கிறது.

வலிகாமம்_கிணறு | புதன் பகல் 1.45

எல்லாரும் காற்றையே பேசுகிறீர்கள். எனக்கு நிலத்துக்குக் கீழே பயம்.

எங்கள் குடாநாடு சுண்ணக்கல். வழுக்கையாற்றை விட்டால் ஆறு என்று ஒன்றில்லை, அதிலும் மாரியில்தான் தண்ணீர். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்றை நம்பித்தான். மேலே ஊற்றுவது வெடிப்புகளால் இறங்கி எந்தக் கிணற்றில் கிளம்பும் என்று யாரும் சொல்ல முடியாது. சுன்னாகத்தில் மின் நிலையப் பக்கம் எண்ணெய் கிணறுகளில் கலந்து, அது உயர் நீதிமன்றம் வரை போய் 2019 இல் தீர்ப்பு வந்ததை நாங்கள் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் பவுசரில் வந்த தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்.

இப்போது ஒரு பூச்சிமருந்துக் கடை எரிகிறது என்று நினையுங்கள். மருதனார்மடம் பக்கமோ இணுவில் பக்கமோ, வெங்காயமும் புகையிலையும் போடுகிற இடத்தில் அப்படிக் கடைகள் நிறைய. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரை அடிக்கிறது, நெருப்பு அணைகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். தண்ணீர் எங்கே போனது? 1986 நவம்பர் 1, சுவிற்சர்லாந்தில் பாசலுக்குப் பக்கத்தில் ஒரு ரசாயனக் களஞ்சியம் எரிந்தபோது அணைத்த தண்ணீரோடு தொன் கணக்கில் பூச்சிமருந்து ரைன் ஆற்றுக்குப் போய், ஆறு சிவந்து, விலாங்கு மீன் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்குச் செத்து மிதந்தது. அவர்களுக்கு ஆறு, கண்ணால் பார்க்கலாம், ஓடிப் போய்விடும். எங்களுக்கு அது நிலத்தடியில் தங்கிவிடும்.

சில நேரம் எரிய விடுவதுதான் சரியான முடிவு. சுற்றி உள்ளவர்களை எழுப்பி, பக்கத்துக் கட்டடத்தைக் காத்து, மருந்தை எரிந்து முடிய விடுவது. புகையும் நஞ்சுதான், ஆகவே இது இலகுவான முடிவில்லை, காற்று எந்தப் பக்கம், எத்தனை வீடு என்று பார்க்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் ஒரு தலைவர் ‘அடிக்காதே, எரியட்டும்’ என்று சொன்னால் சனம் அவரை அடிக்கும். அதனால்தான் முதலே பேசி, எழுதி வைத்து, கடைக்காரர், பிரதேச சபை, கிராம சேவகர் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

கட்டார்_பெடியன் | புதன் பகல் 2.30

வலிகாமம் அண்ணை சொன்னதை நான் எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை, இங்கே நிலம் மணல், நாங்கள் இதை யோசிப்பதே குறைவு. உள்ளே போனவர்களைக் கழுவுகிற தண்ணீரும் அதே கணக்கில் வரும். ஒரு தறப்பாளை விரித்து நான்கு பக்கமும் மண்மூட்டை வைத்து உள்ளே நின்று கழுவினால் தண்ணீர் அதில் தேங்கும், பிறகு பீப்பாயில் எடுக்கலாம். செலவு பெரிதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் உடன்படமாட்டேன். உடம்பில் பட்ட ஆளைக் கழுவும்போது தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்து நிற்கக் கூடாது. முதலில் ஆள்.

வலிகாமம்_கிணறு | புதன் பகல் 2.50

அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆளுக்கு ஊற்றுகிற தண்ணீர் கொஞ்சம், கட்டடத்துக்கு அடிக்கிற தண்ணீர் பவுசர் கணக்கு.

ஆஸ்பத்திரி_வீதி | புதன் இரவு 9.30

நான் தாதி. ஆலைக்குள் நடப்பதைப் பேசினீர்கள், எங்களிடம் வந்து சேர்வதைப் பற்றி யாரும் பேசவில்லை. காயப்பட்டவர் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வருகிற அம்புலன்ஸுக்குக் காத்திருக்க மாட்டார். ஓட்டோவில் ஏற்றி, மூன்று பேர் பிடித்துக்கொண்டு, நேராக வாசலுக்குக் கொண்டுவருவார்கள். உடுப்பில் ரசாயனம், ஓட்டோ சீற்றில் ரசாயனம், தூக்கியவர் கையில் ரசாயனம். 1995 மார்ச் 20 தோக்கியோ சுரங்க ரயிலில் சரின் என்ற நரம்பு நஞ்சை விட்டபோது செயின்ற் லூக்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஒரே நாளில் 640 பேர் வந்தார்கள், பெரும்பாலானோர் தாங்களாகவே வந்தவர்கள். கழுவாமல் உள்ளே எடுத்ததால் ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அறிகுறிகள் வந்தன.

ஆகவே கரையோரம் தம்பி, உங்கள் தலைவர் செய்ய வேண்டிய முதல் தொலைபேசி அழைப்புகளில் ஒன்று ஆஸ்பத்திரிக்கு. என்ன பொருள், எத்தனை பேர், கழுவியாயிற்றா, இந்த மூன்றும் போதும். உடுப்பைக் கழற்றினாலே படிந்ததில் பெரும்பகுதி போய்விடும், பிறகு நிறையத் தண்ணீர், அமோனியா கண்ணில் பட்டால் விடாமல் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். ஆண்கள் முன்னால் பெண்கள் உடுப்பைக் கழற்ற மாட்டார்கள், ஐஸ் ஆலையில் மீன் தரம் பிரிக்கிற பெண்கள் இருப்பார்கள்தானே. இரண்டு சேலையோ படங்குச் சாக்கோ மறைப்புக்கு முதலே எடுத்து வையுங்கள். ஆண்கள் எழுதுகிற திட்டத்தில் இது எப்போதும் இருக்காது.

கரையோரம் | வியாழன் இரவு 8.15

அக்கா, இருபதுக்கு மேல் பெண்கள் வேலை செய்கிறார்கள். நாங்கள் யோசிக்கவே இல்லை.

இதுவரை நடந்ததைச் சொல்கிறேன். இந்த இழையை அச்செடுத்து முகாமையாளரிடம் கொடுத்தேன். ரொறன்ரோ அண்ணை எழுதிய நிறுத்தும் அதிகாரம் பற்றி நிறையக் கேட்டார், ‘உற்பத்தியையும் அவர் நிறுத்தலாமா’ என்று. கசிவு நேரத்தில் மட்டும் என்று சொல்லிச் சமாளித்தேன். கடைசியில் அவர் தலைவராகவே இருக்கட்டும், சேஃப்டி ஒபிசராக எண்ணெய் வடிக்கிற அந்த அண்ணையைப் போடுவோம் என்று முடிவானது. ஆலையில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. ஈரத்துணிப் பழக்கத்தை அவரே நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்துவார்கள் என்பது என் கணக்கு.

ஒன்றுகூடும் இடத்தையும் பார்த்தோம். வாசல் மதிலில் பச்சைப் பெயின்றில் ஒரு இடம் எழுதியிருக்கிறது, கடல் பக்கம். சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் ஆலையில் இருந்து காற்று நேராக அங்கேதான் போகும், ஐஸ் ஏற்ற வருகிற வள்ளங்களும் அந்தப் பக்கம்தான். வடகிழக்கில் இருந்து வரும் வாடை என்றால் கடல் பக்கம் நல்லது, ஆனால் புகார் ஊருக்குள் போகும், பள்ளிக்கூடம் அங்கே. ஆகவே இரண்டு இடம் குறித்து, கூரையில் ஒரு கம்பத்தில் துணி கட்டி, அன்றைய காற்றைப் பார்த்துத் தலைவர் எந்த இடம் என்று சொல்ல வேண்டும் என்று எழுதினோம். பள்ளி அதிபரின் தொலைபேசி இலக்கமும் பட்டியலில் சேர்ந்தது, தீயணைப்பு 110, அனர்த்த முகாமைத்துவம் 117, பொலிஸ் 119 ஆகியவற்றுக்குக் கீழே.

மூச்சுக் கருவி இல்லாததால் எங்கள் திட்டத்தில் உள்ளே போவது என்ற பகுதியே இல்லை. வெளியில் இருந்து மின்சாரத்தை வெட்டுகிற சுவிட்ச் போடச் சம்மதித்திருக்கிறார்கள், கிங் வால்வை வெளியில் இருந்து மூட ஏற்பாடு செய்ய விலை கேட்டிருக்கிறோம். ரசாயனக் கசிவுக்கு முதலில் என்ன செய்வது என்று சொல்லும் ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருக்கிறதாமே, அதை எப்படிப் பார்ப்பது?

ரொறன்ரோ_பனி | வியாழன் இரவு 10.50

நல்ல வேலை தம்பி. அது ‘எமர்ஜென்சி ரெஸ்பொன்ஸ் கைட்புக்’, கனடா, அமெரிக்கா, மெக்சிக்கோ சேர்ந்து வெளியிடுவது, இலவசமாக இறக்கலாம், கடைசிப் பதிப்பு 2024. ஒவ்வொரு ஆபத்தான பொருளுக்கும் உள்ள ஐ.நா. இலக்கத்தால் தேட வேண்டும். அமோனியா 1005, அதற்கு வழிகாட்டி 125. சிறு கசிவுக்கு எடுத்த எடுப்பில் எல்லாப் பக்கமும் 30 மீற்றர் விலக்கச் சொல்லும், காற்றுப் போகிற பக்கத்துக்கு வேறு தூரம், இரவில் இன்னும் கூட, ஏனென்றால் இரவில் காற்று கலங்காமல் புகார் கலையாது. தாங்கி நெருப்பில் அகப்பட்டால் 1600 மீற்றர். ஏ9 வழியாக வருகிற பெற்றோல் பவுசருக்கு 1203, சமையல் எரிவாயுவுக்கு 1075, தண்ணீர் சுத்திகரிப்புக் குளோரினுக்கு 1017. இந்த நான்கையும் அச்செடுத்து வாசல் காவலாளியின் மேசையில் வைத்தால் ஊரில் பாதிக் கசிவுக்குப் போதும். அது முதல் அரை மணித்தியாலத்துக்கான புத்தகம், அதற்குப் பிறகு தெரிந்தவர் வேண்டும்.

மாஸ்டர்_கெமிஸ்ட்ரி | வெள்ளி காலை 6.20

குளோரின் அமோனியாவுக்கு எதிர்மாறு, காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம், குழிக்குள் இறங்கி நிற்கும். ஒன்றுக்கு எழுதிய திட்டத்தை மற்றதற்குப் பெயர் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

சந்தேகப்பிராணி | வெள்ளி காலை 7.05

என் பங்குக்கு ஒன்று. மேசைப் பயிற்சியை, அதாவது கசிவு நடந்ததாக வைத்து மேசையைச் சுற்றி இருந்து பேசிப் பார்ப்பதை, ஆலைக்குள் மட்டும் நடத்தாதீர்கள். மாநகர சபைத் தீயணைப்பில் இருந்து ஒருவர், பொலிஸில் ஒருவர், கச்சேரியில் அனர்த்த முகாமைத்துவப் பிரிவில் இருந்து ஒருவர், மூவரும் அதே மேசையில் இருக்க வேண்டும். கடிதம் நான் எழுதித் தருகிறேன், எந்தக் கதவை எப்படித் தட்டுவது என்று எனக்குத்தான் தெரியும். பிரித்தானியாவில் முதல் தகவலை ஏழு தலைப்பில் சொல்லப் பழக்குகிறார்களாம், என் மருமகன் அனுப்பினான்: பெரிய சம்பவமா, எங்கே, என்ன வகை, என்ன ஆபத்து, எந்த வழியால் வரலாம், எத்தனை பேர் பாதிப்பு, யார் வந்துவிட்டார்கள் யார் தேவை. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அட்டையில் அடியுங்கள். 119க்கு எடுத்தால் எந்த மொழியில் பேசுவார்கள் என்று சொல்ல முடியாது.

கரையோரம் | வெள்ளி இரவு 8.30

அண்ணை, இப்படிச் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை! கடிதம் இந்தக் கிழமையே வேண்டும். மேசைப் பயிற்சியை அடுத்த மாதம் பறுவத்துக்கு முன்பின்னாக வைக்கலாம், நிலவுக் காலத்தில் மீன் குறைவு, ஆலையும் ஓய்வாக இருக்கும். ரொறன்ரோ அண்ணை, நடுவில் நுழைக்கிற அந்தச் சீட்டுகளை நீங்கள் எழுதித் தாருங்கள், எனக்கே தெரியாமல் இருக்கட்டும், மாஸ்டருக்கு அனுப்பிவிடுங்கள்.

ரொறன்ரோ_பனி | சனி காலை 8.10

அனுப்பிவிட்டேன். ஒன்றில் தலைவருக்கே மயக்கம் வரும், முகாமையாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரி_வீதி | சனி காலை 9.40

நாள் குறித்ததும் சொல்லுங்கள், என் ட்யூட்டியை மாற்றிக்கொண்டு வருகிறேன். மறைப்புச் சேலை வாங்கியாயிற்றா என்றும் பார்ப்பேன்.